நாய் ஒவ்வாமையும் ஊசி மருத்துவமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

முன்னுரை

மனிதன் முதன்முதலில் பழக்கி வளர்த்த விலங்கு நாய் என்பது அறிஞர்களின் முடிவு. ஆடும் மாடும் குதிரையும் மனிதனோடு சேர்வதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாய் அவனோடு சேர்ந்துவிட்டது. வேட்டைக்குத் துணை, வயலுக்குக் காவல், மந்தைக்கு மேய்ப்பன், பைரவருக்கு வாகனம், நன்றிக்கு இலக்கணம் என்று நாம் நாய்க்குக் கொடுத்திருக்கும் பதவிகள் பல.

ஆனால், இத்தனை நாள் பழகிய நண்பன் அருகில் வந்ததும் சிலருக்குத் தும்மல் தொடர்ந்து வருகிறது. கண் சிவந்து நீர் வடிகிறது. மூக்கு அடைத்துக்கொள்கிறது. நக்கிய இடத்தில் தோல் தடித்து அரிக்கிறது. சிலருக்கு மார்பு இறுகி, இளைப்பே வந்துவிடுகிறது. இதைத்தான் நாய் ஒவ்வாமை என்கிறோம். மக்கள் வழக்கில் 'நாய் அலர்ஜி'.

சிறு வயதில் வரும் நோய் இது என்று பலர் நினைக்கின்றனர். வளர்ந்த பிறகும், நாயோடு பல ஆண்டுகள் பழகிய பிறகும்கூட இது தோன்றக்கூடும். அத்தகையோருக்கு 'அலர்ஜி ஊசி' என்னும் மருத்துவம் உண்டு. அது எவ்வாறு பிறந்தது, உடலில் என்ன செய்கிறது, நாய் ஒவ்வாமைக்கு எந்த அளவு பயன்படும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒவ்வாமை என்ற சொல்லும் ஒரு நாயின் கதையும்

'அலர்ஜி' என்ற சொல்லை 1906ஆம் ஆண்டு உருவாக்கியவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே. 'வேறு', 'செயல்' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் இதை அமைத்தார். அதாவது, ஒரு பொருளை ஒருமுறை சந்தித்த உடல், மறுமுறை சந்திக்கும்போது வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பது கருத்து.

இந்தக் கருத்தோடு நெருங்கிய தொடர்புடையது நாய்களை வைத்து நடந்த ஒரு சோதனை என்பது வியப்பளிக்கும் செய்தி. பிரான்சு நாட்டு அறிஞர்கள் சார்லஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றுக்கு அந்நஞ்சைத் தாங்கும் சக்தியை உண்டாக்க முயன்றனர். முதல் ஊசியைத் தாங்கிப் பிழைத்த நாய்களுக்குச் சில வாரங்கள் கழித்து மிகக் குறைந்த அளவு நஞ்சைக் கொடுத்தனர். பாதுகாப்புக் கிடைக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், நாய்கள் மூச்சுத் திணறி விரைவில் இறந்தன. 1902இல் இதற்கு 'அனாபிலாக்சிஸ்' என்று அவர்கள் பெயரிட்டனர். பாதுகாப்புக்கு நேர்மாறானது என்பது அதன் பொருள். இதற்காக ரிஷே 1913ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

இந்தச் சோதனையை மாணவ நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறு அளவு கொடுத்தால் உடல் பழகிக்கொள்ளவும் கூடும், கொதித்தெழவும் கூடும். ஊசி மருத்துவத்தின் நன்மை, ஆபத்து ஆகிய இரண்டுக்கும் வேர் இங்கேயே இருக்கிறது.

உடலுக்குள் நடப்பது என்ன?

1921ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிராஸ்னிட்ஸ், கியூஸ்ட்னர் என்னும் இரு மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை செய்தனர். கியூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. பிராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. கியூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் பிராஸ்னிட்ஸ் தம் தோலில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது தோல் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமையை உண்டாக்கும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்பது இதனால் விளங்கியது.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று தெரிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966, 1967ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் டென்வர் நகரில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா ஆகியோரும், ஸ்வீடனில் ஜோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே அதைக் கண்டறிந்தனர். 1968இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ (ஐ.ஜி.ஈ.) என்ற பெயர் உறுதியாயிற்று.

நாய் ஒவ்வாமை உடையவரின் உடல், நாயிடமிருந்து வரும் தீங்கற்ற புரதத்தைப் பகை என்று கருதி, அதற்கென்றே ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருளைச் செய்கிறது. இந்த எதிர்ப்பொருள்கள் மூக்கு, கண், நுரையீரல், தோல் ஆகிய இடங்களில் உள்ள 'மாஸ்ட் செல்'களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. மறுபடியும் அந்தப் புரதம் வந்து இரண்டு ஐ.ஜி.ஈ.களைப் பாலம்போல் இணைத்துவிட்டால், செல் தன்னுள் வைத்திருக்கும் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டிவிடுகிறது. சில நிமிடங்களிலேயே தும்மலும் அரிப்பும் இளைப்பும் தொடங்குகின்றன.

ஊரில் எளிதாகச் சொல்வதென்றால், திருடன் வந்தால் அடிக்க வேண்டிய மணியை விருந்தாளி வந்ததற்கு அடிப்பது போன்றது ஒவ்வாமை. மணியில் குறையில்லை, ஆளை அடையாளம் கண்டதில்தான் குறை.

குற்றவாளி முடி அன்று

நாயின் முடிதான் காரணம் என்பது பரவலான எண்ணம். அது முழு உண்மையன்று. நாயின் உமிழ்நீர், தோலிலிருந்து உதிரும் பொடுகு, சிறுநீர் ஆகியவற்றில் உள்ள புரதங்களே காரணம். முடி அவற்றைச் சுமந்து செல்லும் வண்டி மட்டுமே.

இப்புரதங்களுக்கு நாயின் விலங்கியல் பெயரான 'கேனிஸ் ஃபெமிலியாரிஸ்' என்பதிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள். கேன் எஃப் 1, கேன் எஃப் 2 என்று வரிசையாகப் போகிறது. இவற்றுள் முதன்மையானது கேன் எஃப் 1. இது உமிழ்நீரில் உள்ளது. கேன் எஃப் 3 என்பது நாயின் இரத்தத்தில் உள்ள அல்புமின். கேன் எஃப் 5 ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் மட்டும் உண்டாவது, 2009இல் விவரிக்கப்பட்டது. இந்த ஒரு புரதம் மட்டுமே ஒவ்வாத மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெட்டை நாயால் தொல்லை குறைவாக இருக்கக்கூடும். கேன் எஃப் 6 பூனை, குதிரை ஆகியவற்றின் புரதங்களை ஒத்திருப்பதால், நாய் ஒவ்வாத சிலருக்கு அவையும் ஒவ்வாமற்போகும்.

இப்புரதங்கள் மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக் காற்றில் நெடுநேரம் மிதக்கின்றன. துணியில் ஒட்டிக்கொண்டு, நாயே நுழையாத பள்ளி வகுப்பறைகளிலும் காணப்படுகின்றன. நாயை வீட்டிலிருந்து அகற்றிய பிறகும் நெடுநாள் தங்கியிருக்கின்றன.

ஒவ்வாமை தராத நாய் இனம் என்று ஒன்று உண்டா? 2009இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் குடும்பம், மகளின் ஒவ்வாமையைக் கருதிப் போர்ச்சுகீசிய நீர்நாய் என்ற இனத்தைத் தேர்ந்தெடுத்தபோது இக்கேள்வி உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் 2011இல் அமெரிக்காவிலும், 2012இல் நெதர்லாந்திலும் வெளிவந்த ஆய்வுகளில், 'ஒவ்வாமை தராதவை' என்று விற்கப்படும் இனங்கள் உள்ள வீடுகளுக்கும் மற்ற நாய்கள் உள்ள வீடுகளுக்கும் இடையே கேன் எஃப் 1 அளவில் பயன் தரும் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, முடி குட்டையான நம் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ ஆனாலும், ஒவ்வாதவருக்கு அது நாய்தான்.

எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி

இத்தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. என் அண்ணன் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகப் பணிபுரிகிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக அரசுச் சம்பளம் வாங்கியவர் அவர். அந்தச் சம்பளத்தில்தான் நான் இந்தக் கல்லூரியில் படிக்கிறேன். தடுப்பூசிக்கும் சிகிச்சைக்கும் வரும் நாய்களைப் பிடித்துக்கொள்வது அவருடைய அன்றாட வேலைகளுள் ஒன்று. வேலைக்குச் சேர்ந்து நான்காம் ஆண்டில் அவருக்குத் தும்மல் தொடங்கியது. பிறகு கண் அரிப்பு. பிறகு இரவில் இளைப்பு. ஊருக்கு விடுமுறையில் வந்தால் இரண்டு நாளில் குறைந்துவிடும். வேலைக்குத் திரும்பினால் மறுபடியும் வந்துவிடும்.

அவருடைய நண்பர் ஒருவர், நகரத்தில் ஒரு மருத்துவமனையில் மூன்றாண்டு ஊசி போட்டால் முழுக் குணம் என்று கூறுகிறார்கள் என்றார். அதற்கு ஆகும் செலவோ அண்ணனின் சம்பளத்தில் பெரும்பங்கு. "நீதானே உயிரியல் படிக்கிறே? காசு போட்டா பலன் இருக்குமா, இருக்காதா? நாலு புத்தகத்தைப் பார்த்துச் சொல்லு தம்பி" என்று அண்ணன் கேட்டார். அம்மாவோ, "மூச்சு முட்டுற வேலை எதுக்குப்பா, விட்டுட்டு வந்துடு" என்றார். வேலையை விடுவதா, ஊசி போடுவதா என்பது எங்கள் வீட்டில் பாடப்புத்தகக் கேள்வியாக இருக்கவில்லை.

எங்கள் துறைப் பேராசிரியர் தந்த நோய் எதிர்ப்பியல் நூலிலிருந்து தொடங்கித் தேடியதில் நான் அறிந்தவற்றைத்தான் கீழே தருகிறேன்.

நூன் போட்ட முதல் ஊசி

1911ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் லெனார்டு நூன் என்னும் மருத்துவர், புல்லின் மகரந்தத்தால் தும்மலும் கண்ணீரும் வரும் நோயாளிகளுக்கு, அதே மகரந்தத்தின் சாற்றை மிகச் சிறிய அளவில் தோலுக்கடியில் செலுத்தினார். அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். சாற்றின் ஒரு துளியைக் கண்ணில் விட்டு, எவ்வளவு வலிமையான சாற்றில் கண் சிவக்கிறது என்று பார்த்து, நோயாளியின் தாங்கும் சக்தியை அளந்தார். ஊசி போடப்போட அச்சக்தி உயர்ந்தது. இச்செய்தி 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் அவ்வாண்டே வெளிவந்தது. 1913இல் நூன் காசநோயால் மறைந்தார். அவருடைய நண்பர் ஜான் ஃப்ரீமன் பணியைத் தொடர்ந்தார்.

மகரந்தத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது. அதற்கு எதிர்மருந்தை உடல் செய்துகொள்கிறது என்று நூன் கருதினார். அப்படி ஒரு நஞ்சு இல்லை என்பது பின்னர்த் தெரிந்தது. விளக்கம் மாறியது, வைத்தியம் நிலைத்தது. விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சிகள் அரியவை அல்ல.

இந்தியாவில் ஒவ்வாமை ஆய்வுக்கு வழிவகுத்தவர்களுள் டாக்டர் டி. என். சிவபுரி குறிப்பிடத்தக்கவர். டில்லி வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிலையத்தில் அவர் இத்துறையை வளர்த்தார்.

ஊசி போடும் முறை

முதலில் நோயாளிக்கு எது ஒவ்வாதது என்று கண்டறிய வேண்டும். முன்கைத் தோலில் பல்வேறு சாறுகளை ஒவ்வொரு துளி வைத்து, ஊசி முனையால் மெல்லக் குத்துகிறார்கள். 15 முதல் 20 நிமிடத்தில், ஒவ்வாத பொருளின் இடத்தில் கொசுக்கடிபோல் தடிப்பு எழும். 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்தால் பொதுவாக அதைக் கணக்கில் கொள்கின்றனர். இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. அளவைப் பார்த்தும் அறியலாம். சிட்ரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தினால்தான் தோல் சோதனை சரியாக இருக்கும்.

அடுத்தது சிகிச்சை. நாயின் பொடுகு முதலியவற்றிலிருந்து எடுத்த சாற்றைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்த்துத் தனித்தனிப் புட்டிகளில் வைக்கிறார்கள். மிகவும் நீர்த்த புட்டியிலிருந்து தொடங்கி, வாரத்திற்கு ஒன்று அல்லது இரண்டு ஊசி, மேற்கையின் பின்புறம் தோலுக்கடியில் போடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அளவு கூடும். ஒரு புட்டி முடிந்தால் அதைவிட வலிமையான புட்டி. இவ்வாறு ஏறக்குறைய 3 முதல் 6 மாதங்களில் முழு அளவை எட்டுகின்றனர். இது ஏறுமுகக் கட்டம். அதன்பின் அதே அளவு 2 முதல் 4 வாரத்திற்கு ஒருமுறை, 3 முதல் 5 ஆண்டுகள் வரை தொடர்கிறது. இது பராமரிப்புக் கட்டம்.

இடையிலே விட்டுவிட்டால் மறுபடியும் கீழிருந்து ஏற வேண்டியிருக்கும். ஆகவே மருத்துவமனைக்குப் பேருந்துச் செலவு, விடுப்பு, ஒருநாள் கூலி இழப்பு ஆகியவற்றையும் சிகிச்சைச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து.

ஊசி உடலை எவ்வாறு மாற்றுகிறது?

மூக்கின் வழியாக எப்போதோ சிறிது சிறிதாக வரும் புரதம், தோலின் வழியாக ஒழுங்காகவும் மிகுதியாகவும் வரும்போது, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு வேறு பாடம் கற்கிறது. 'ஒழுங்குபடுத்தும் டி செல்'கள் பெருகுகின்றன. அவை இன்டர்லூக்கின் 10 போன்ற பொருள்களைச் சுரந்து மற்றச் செல்களை அமைதிப்படுத்துகின்றன. ஐ.ஜி.ஜி.4 என்னும் வேறு வகை எதிர்ப்பொருள் உண்டாகிறது. ஐ.ஜி.ஈ.யைச் சேருமுன்பே இது புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் மணி அடிப்பதில்லை. ஐ.ஜி.ஈ. முதலில் சற்று உயர்ந்து, பிறகு மெல்ல மெல்லக் குறைகிறது.

மாத்திரைக்கும் ஊசிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மாத்திரை மணியின் ஓசையை அடக்குகிறது. சாப்பிடும் வரையில்தான் அதன் பயன். ஊசியோ காவல்காரனுக்கு விருந்தாளியை அறிமுகம் செய்துவைக்கிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், புல் மகரந்த ஊசியை 3, 4 ஆண்டுகள் போட்டு நிறுத்தியவர்களுக்கு, நிறுத்திய பிறகும் மூன்றாண்டுகள் பயன் நிலைத்திருந்தது.

நாய்க்கு மட்டும் ஏன் தயக்கம்?

இதுவரை கூறியவற்றைப் படித்தவர்கள், அப்படியானால் நாய் ஒவ்வாமைக்கும் ஊசி போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும்.

மகரந்தம், வீட்டுத் தூசிப் பூச்சி, குளவி, தேனீ ஆகியவற்றின் ஒவ்வாமைக்கு ஊசியின் பயன் நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. நாய்க்கு அந்த அளவு சான்று இல்லை. 1980களில் ஸ்வீடனில் ஆஸ்துமா நோயாளிகளிடம் பூனைச் சாறும் நாய்ச் சாறும் சோதிக்கப்பட்டன. பூனைச் சாற்றால் கிடைத்த பயன் நாய்ச் சாற்றில் அவ்வளவு தெளிவாக இல்லை. 2016இல் வெளிவந்த ஒரு மீளாய்வும், நாய் ஊசியைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவும் மொத்தத்தில் மனநிறைவு தராதவையாகவும் இருப்பதைச் சுட்டியது.

காரணம் என்ன? பூனையில் ஃபெல் டி 1 என்னும் ஒரு புரதமே பெரும்பாலோருக்குக் காரணம். அதை அளந்து மருந்து செய்தால் போதும். நாயிலோ காரணம் பல. ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு உமிழ்நீர்ப் புரதம், இன்னொருவருக்கு ஆண் நாயின் புரதம். சாற்றில் இல்லாத புரதத்திற்கு அந்தச் சாறு எப்படி மருந்தாகும்? மேலும், நாய்ச் சாறுகளில் கேன் எஃப் 1 அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு பல மடங்கு வேறுபடுகிறது. 2006இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் மூன்று அளவுகள் ஒப்பிடப்பட்டன. ஊசிக்கு 15 மைக்ரோகிராம் கேன் எஃப் 1 கிடைத்தவர்களிடம்தான் தோலிலும் இரத்தத்திலும் மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. சாதாரணச் சாறுகள் பலவற்றால் இந்த அளவை எட்டுவது கடினம்.

சாற்றின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. குளவி, தேனீக் கடி ஒவ்வாமைக்கு, பூச்சியை முழு உடலோடு அரைத்து எடுத்த சாற்றையே பல பத்தாண்டுகள் ஊசியாகப் போட்டு வந்தனர். 1978இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அந்தச் சாற்றையும், தூய நஞ்சையும், மருந்தில்லாத ஊசியையும் ஒப்பிட்டனர். தூய நஞ்சு காப்பாற்றியது. முழு உடல் சாறோ மருந்தில்லாத ஊசிக்குச் சமமாகவே இருந்தது! ஊசி என்ற முறை சரி. புட்டிக்குள் இருந்த பொருள்தான் சரியில்லை. நாய் ஊசியின் இன்றைய நிலையும் ஏறத்தாழ இதுதான். முறை பொய்யன்று, பல புட்டிகள் போதுமானவை அல்ல.

அமெரிக்காவில் புல், ராக்வீட் என்னும் களைச்செடி, தூசிப் பூச்சி ஆகியவற்றுக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரைகள் அங்கீகாரம் பெற்றுள்ளன. நாய்க்கான மாத்திரை அவற்றுள் இல்லை.

ஆபத்தையும் அறிவோம்

ரிஷேயின் நாய்களை இங்கே மீண்டும் நினைவு கூர்வோம். ஒவ்வாத பொருளையே உடலுக்குள் செலுத்துகிறோம் என்பதால் அனாபிலாக்சிஸ் வரும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் அரிப்பும் வருவது சாதாரணம். உடல் முழுதும் தடித்தல், மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் வீழ்தல் ஆகியவை அரியவை. ஆனால் உயிரைப் பறிக்கக் கூடியவை. பிரிட்டனில் 1957 முதல் இவ்வகை ஊசிகளால் 26 பேர் இறந்ததை 1986இல் மருந்துப் பாதுகாப்புக் குழு வெளியிட்டது. காரணம் தெரிந்த இறப்புகளில் பெரும்பாலானவை ஆஸ்துமா நோயாளிகளுடையவை. அதன்பின் அங்கே இச்சிகிச்சை பெரிதும் குறைந்தது. வட அமெரிக்காவில் 1990 முதல் 2001 வரையிலான கணக்கின்படி ஏறத்தாழ 25 லட்சம் ஊசிக்கு ஓர் இறப்பு. எண் சிறியது, எச்சரிக்கை பெரியது.

எனவே சில விதிகள் கட்டாயமானவை. ஊசிக்குப் பின் குறைந்தது 30 நிமிடம் மருத்துவர் பார்வையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அட்ரினலின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் போட்டுக்கொள்ளக் கூடாது. கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த ஊசி கூடாது. இளைப்பு உள்ள நாளில் ஊசியைத் தள்ளிவைக்க வேண்டும். வளர்ந்தவர்கள் இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை சாப்பிடுவோருக்கு, ஆபத்து நேர்ந்தால் அட்ரினலின் சரிவர வேலை செய்யாமற்போகலாம். அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கருவுற்ற காலத்தில் இச்சிகிச்சையைப் புதிதாகத் தொடங்குவதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்கும்போது, நாய் ஒவ்வாமைக்கு ஊசி போட நினைப்பவர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1. எனக்கு ஒவ்வாதது நாய்தானா? நம் வீடுகளில் தூசிப் பூச்சியும் கரப்பான் பூச்சியும் மிகுதி. நாயின் பெயரில் பழி போட்டுவிட்டு, தலையணையில் இருக்கும் தூசிப் பூச்சியை மறந்துவிடுகிறோம்.

2. எளிய வழிகளை முயன்றேனா? படுக்கையறையில் நாயை விடாமை, வேலை முடிந்ததும் உடை மாற்றிக் குளித்தல், முகக்கவசம், மூக்கில் தெளிக்கும் மருந்து, மருத்துவர் தரும் இன்ஹேலர் ஆகியவை முதலில் வர வேண்டும். நாயைக் குளிப்பாட்டினால் புரத அளவு குறைகிறது. ஆனால் சில நாளில் மறுபடியும் ஏறிவிடுவதால் வாரத்திற்கு இரண்டு முறையாவது குளிப்பாட்ட வேண்டும் என்று 1999இல் ஓர் ஆய்வு காட்டியது.

3. புட்டிக்குள் என்ன இருக்கிறது? எந்தப் புரதம், எவ்வளவு என்று அளக்கப்பட்ட சாறா? இதைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது.

4. மூன்றாண்டுகள் விடாமல் வர என்னால் முடியுமா? ஊசி போடும் இடத்தில் அவசர உதவிக்கு வசதி உண்டா?

என் அண்ணன் இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றார். தோல் சோதனையில் நாயும் தூசிப் பூச்சியும் இரண்டுமே தடித்தன. இளைப்பு கட்டுக்குள் வராத நிலையில் ஊசியைப் பற்றிப் பேசவே கூடாது என்று அங்கிருந்த மருத்துவர் கூறி, ஒழுங்காக இன்ஹேலர் எடுக்கச் சொன்னார். முகக்கவசமும் நீண்ட கையுள்ள மேலங்கியும் பழக்கமாயின. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டதன்பேரில் மாடு, ஆடு வரும் பகுதிக்கு அவரை மாற்றினார்கள். நாய்கள் மிகுதியாக வரும் நாளில் மட்டும் உதவிக்குச் செல்கிறார். இப்போது இரவில் தூங்குகிறார். ஊசி இன்னும் தொடங்கவில்லை. தூசிப் பூச்சிக்கு ஊசி போடலாமா என்பதை ஆறு மாதம் கழித்து முடிவு செய்யலாம் என்பது மருத்துவரின் யோசனை. வேலையை விடும் பேச்சு வீட்டில் நின்றுவிட்டது.

முடிவுரை

அலர்ஜி ஊசி மந்திரமும் அன்று, மோசடியும் அன்று. நூறாண்டுகளுக்கு மேல் சோதிக்கப்பட்ட நல்ல முறை அது. மகரந்தத்திற்கும் குளவிக்கும் தன் தகுதியை அது நிலைநாட்டிவிட்டது. நாயைப் பொறுத்தவரை அந்தத் தகுதிக்கு இன்னும் அளந்து செய்த சாறும், பெரிய ஆய்வுகளும் தேவைப்படுகின்றன. அவை வரும்வரை, 'முழுக் குணம்' என்று உறுதி கூறுபவரிடமும், 'எல்லாம் ஏமாற்று' என்று கையை விரிப்பவரிடமும் நாம் ஒரே அளவு எச்சரிக்கையோடு இருத்தல் நலம்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லவும், மருத்துவர் கூறியதை விளக்கிச் சொல்லவும் வீட்டார் நம்மைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் விடை நமக்குத் தெரியாது. ஆனால், சரியான கேள்வி எது என்று கண்டுபிடித்துக் கொடுக்க நம்மால் முடியும். வகுப்பில் நாம் படிக்கும் எதிர்ப்பொருளும் மாஸ்ட் செல்லும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. அவை நம் வீட்டுத் திண்ணைக்கும் வர வேண்டும். படித்ததன் பயன் அதுவே.